உன் வெள்ளக்கதையும் நம் பஞ்சு குடோனும்

என் உயிருக்கு உயிரான மாப்ள சௌந்தரத்துக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அங்கேயும் ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறார்களா, இல்லை இஷ்டத்துக்குத் தூங்குகிறாயா? இங்கே உன்னால் எனக்குத் தூக்கமே போச்சு. செத்தும் என்னை நிம்மதியாக இருக்கவிட மாட்டாயா?

நம் மில் விஷயம்தான். ஆத்தங்கரை இடம் முழுவதையும் யாரோ வாங்கிவிட்டார்கள். அடுக்குமாடி வீடு வருகிறதாம். ரம்பப் பல் மாதிரி இருந்த ஸ்பின்னிங் கூரையைப் பிரித்தாயிற்று. புகைபோக்கி விழுந்த அன்று செல்லூர் வரை தூசி. மிச்சம் நிற்பது செங்கல்லில் கட்டிய பஞ்சு குடோன் ஒன்றுதான். முப்பது வருடம் நாம் சோற்றுப் பொட்டலம் பிரித்த நிழல். அதுவும் போய்விட்டால் நாம் அங்கே உழைத்ததற்கு என்னடா அடையாளம்?

அதை இதுவரை இடிக்காமல் தடுத்தது உன் பொய். மில் வரலாறு எழுத வந்த காலேஜ் பெண்ணிடம், டீக்கடையில் இரண்டாவது வடைக்காக அவிழ்த்துவிட்டாயே!

"வெள்ளக்காரத் துரை காலத்துல வைகை பெருக்கெடுத்து வந்துச்சும்மா. துரையே வந்து கேட்டைத் தொறந்து, அம்புட்டு சனத்தையும் குடோனுக்குள்ள பஞ்சு மூட்டை மேல ஏத்தி உக்கார வச்சாரு!"

அவள் அதை அச்சில் போட்டுவிட்டாள். அதைப் படித்த சர்க்கார், இடிக்கும் முன் விசாரிக்கச் சொல்லி ஓர் அதிகாரியை அனுப்பிவிட்டது.

உண்மை நமக்குத்தானே தெரியும்? அன்றைக்குத் துரை கேட்டைப் பூட்டிவிட்டு மாடியில் நின்றார். உன் அப்பாவும் என் அப்பாவும் இடுப்பளவுத் தண்ணீரில் கேட்டைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

விசாரணை பழைய கேண்டீனில் நடந்தது. நம் ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். பொய்யென்று பின்னால் தெரிந்தால் மறுநாளே புல்டோசர் வந்துவிடும். அதிகாரியின் காதில் ரகசியமாக உண்மையைச் சொல்லி, நீங்களாகப் பார்த்துக் காப்பாற்றிவிடுங்கள் என்று கெஞ்சலாம் என நினைத்தேன்.

அங்கேதான் கோட்டைவிட்டேன். ஸ்பின்னிங் இரைச்சலில் முப்பது வருடம் கத்திக் கத்தியே பேசிக் காதும் மந்தமாகிப்போனவனுக்கு ரகசியம் பேச வருமா?

"சார், அந்த வெள்ளக்கதை பொய்யி! எம் மாப்ள வடைக்காகக் கட்டிவிட்டது!"

கேட்டுக்கு வெளியே பூ விற்கிறவளுக்கே கேட்டதாம். அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். போச்சு, என் வாயாலேயே குடோனை இடித்துவிட்டேன் என்று நின்றேன்.

அப்போது எழுந்தாள் என் தங்கச்சி புஷ்பம். உன் பொண்டாட்டியேதான்.

"யாருய்யா பொய்யின்னது? எங்கண்ணனுக்கு வயசாச்சு, கண்டதையும் உளறும். நான் பொறந்ததே அந்த வெள்ளத்துல, அந்தக் குடோனுக்குள்ளதான். எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் பொய் பேச மாட்டாரு!"

மாப்ள, அவள் பிறந்தது அலங்காநல்லூரில். வெந்நீர் போட விறகு தூக்கி வந்தவனே நான். (இதைப் படிக்கிற மற்றவர்கள் இந்தப் பத்தியை மட்டும் மறந்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.)

பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. "நானும் மூட்டை மேல இருந்தேன் சார்!" நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் இருந்த கிட்டு அன்றைக்குப் பிறக்கவே இல்லை, அவனும் இருந்தானாம்!

"இவ்வளவு பேரும் எப்படிம்மா ஒரே குடோன்ல இருந்தீங்க?" என்றார் அதிகாரி.

"நெருக்கியடிச்சுத்தான்" என்றாள் புஷ்பம்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார். குடோன் தப்பித்தது மாப்ள! நூலகம் ஆக்கப்போகிறார்கள். வாசலில் வைக்கிற கல்லில், வெள்ளத்தில் இங்கே பிறந்தவள் என்று புஷ்பத்தின் பெயர் வரப்போகிறது. வெறும் பெயர் போதாது, 'சௌந்தரத்தின் மனைவி' என்று சேர்த்தே வெட்டணும் என்று அந்த அதிகாரியோடு அவள் ஒரே சண்டை.

நாற்பது வருடக் குடித்தனத்தில், வெயில் அடிக்குது என்று நீ சொன்னால்கூட இல்லையென்று மறுத்தவள். உன் பேச்சுக்கு அவள் ஆமாம் போட்டது இதுதான் முதல் தடவை. அதைக் கேட்க நீ இல்லையே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நான் அங்கே வந்ததும் அவள் சொன்னதை அப்படியே, ஒரு சொல் குறையாமல், அவள் குரலிலேயே உனக்குச் சொல்வேன். இது சத்தியம்.

உன் மச்சான்,
வேலு