பன்னிரண்டு பச்சை, பன்னிரண்டு சிவப்பு

அச்சாறு போட வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். அந்த நெடி ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றாய். நம் ஆய்வுகூடத்தில் வேர்நுனியை அமிலத்தில் ஊறவைத்து, சிவப்புச் சாயமிட்டு, கண்ணாடித் துண்டில் பெருவிரலால் நசுக்குவாயே, அதே நெடி.

காட்டுநெல்லுக்கு வயல்நெல்லின் மகரந்தம் வைத்து ஒரு கன்று எடுத்திருந்தாய். மூன்று வருஷப் பாடு. அது உண்மைக் கலப்பா, வெறும் காட்டுநெல்தானா என்பதுதான் நம் தலையிடி. நிறமூர்த்தங்களை, அதுதான் குரோமோசோம்களை, எண்ணினோம், இருபத்திநாலு. ஆனால் தாய்க்கும் இருபத்திநாலு, தகப்பனுக்கும் இருபத்திநாலு. எல்லாம் ஒரே சிவப்பு. எது யாருடையது என்று எப்படிச் சொல்ல? "பேர் எழுதிக்கொண்டா புள்ள வருகுது?" என்று சிரித்தாய்.

மறுகா, வாவிக்கு அக்கரை வவுணதீவில் உன் வளவில் வளர்த்து, மணி பிடிக்கிறதா பார்ப்போம் என்றாய். உனக்குக் காய்ச்சல். கலப்புக் கன்றையும் காட்டுநெல் கன்றையும் இரண்டு பால்மா டின்களில் நான்தான் கொண்டுபோனேன். பாலத்தடியில் ஆமிச் சோதனை. நீ ஐஸ்பழக் குச்சிகளில் எழுதிக் குத்தியிருந்த எழுத்தும் எண்ணும் ஏதோ இரகசியக் குறி மாதிரித் தெரிந்தன. இரண்டு குச்சிகளையும் பிடுங்கிக் கொண்டைக்குள் செருகினேன். அக்கரை போய் நினைவில் இருந்தபடி திரும்பக் குத்தினேன்.

கலப்பு என்று குச்சி நின்ற கன்று காட்டுநெல்லைப் போலவே மணி பிடித்தது. மற்றது முழுக்கப் பதர். இனம் மாறிய கலப்புத்தான் பதராகும் என்று உனக்குத் தெரியாதா? என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்.

"குச்சி மாறலயே புள்ள?"

"இல்ல" என்றேன். ஏன் சொன்னேன்? வெட்கமா, பயமா, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பதர்க் கன்று உப்புத்தண்ணியில் கெட்டது என்று நம்பி வாய்க்காலோரம் எறிந்தாய். "என்ட கைதான் பிழை" என்று ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் படிப்பிக்கப் போனாய். போன வருஷம் கண் மூடும்வரை நெல்லைப் பற்றி நீ வாய் திறக்கவில்லை.

எறிந்தது சாகவில்லை, வாய்க்காலோரம் பற்றையாய் நிற்கிறது. தாயுடையதையும் தகப்பனுடையதையும் வேறுவேறு நிறத்தில் ஒளிரவைக்க இப்போது வழி உண்டாம். உன் அக்கா மகள் அதன் வேரில் செய்து பார்த்து, காலையில் படம் அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு பச்சை, பன்னிரண்டு சிவப்பு. உன் கை பிழைக்கவே இல்லை. சந்தோஷப்படுவதா அழுவதா தெரியாமல் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன்.

படத்துக்குக் கீழே கேட்டிருந்தாள்: "சின்னம்மாவின்ட கொப்பியில இது காட்டுநெல் எண்டு கிடக்கு. அவதான் மாத்திப்போட்டாவா, மாமி?"

"இல்ல" என்று எழுதிவிட்டு வெகுநேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பக்கத்தில் "நான்" என்று சேர்த்து அனுப்பினேன்.