பதினான்கு நிமிடம்

வெள்ளிமலை
23.11.2021

அன்புள்ள அபிநயாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் தமிழழகனும் ஓசூரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். நீ போன பதினோரு மாதமாக அப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் கடிதம்.

உன் லேப்டாப் விஷயம். பிளஸ் டூவில் அரசு கொடுத்தது. தமிழழகனின் தங்கை அருள்மொழியின் கல்லூரி வேலைக்கு வேண்டும், கூரியரில் அனுப்பிவிடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாய். அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான், அதுவும் வந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். திறக்கப் பதினான்கு நிமிடம் ஆகிறது, அனுப்பி என்ன பயன் என்று மட்டும் கேட்டேன்.

அது பொய்யில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பரணிலிருந்து எடுத்து, இங்கே மலைக்குக் கொண்டுவந்தேன். பள்ளி விட்டு அறைக்கு வந்தால் ஐந்து மணிக்கே பனி இறங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டில் டிவி ஓடும். என் அறையில் பேச்சுச் சத்தம் கேட்பது, நான் பாடக்குறிப்பை வாய்விட்டுப் படித்தால்தான். லேப்டாப்பைத் தட்டிவிட்டு, சோறு வடித்து, தட்டைக் கழுவிவிட்டு வந்து பார்த்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் கோமுகி அணையில் நாம் மூன்று பேரும் நிற்கும் படம் வரும். நீ அதை மாற்றவேயில்லை.

நீ சொல்லிக்கொடுத்தபடி எல்லாம் செய்தேன். மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, திறக்கும்போதே தானாக ஓடத் தொடங்குபவற்றின் பட்டியலை எடுத்தேன். பதினோரு பெயர்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் உன்னிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு நிறுத்தினேன். பதினான்கு, பதினொன்று ஆனது. பழைய படங்களை அழித்து இடம் ஒதுக்கச் சொன்னாய். படங்களை அழிக்கவில்லை, பென்டிரைவில் மாற்றினேன். பதினொன்று, பத்தானது. அதற்குமேல் அசையவில்லை.

ஒன்றை அப்போது உன்னிடம் சொல்லவில்லை. இந்தக் குளிரிலும் அதன் அடிப்பக்கம் தோசைக்கல்லாகச் சுட்டது. சுடும்போது லேசாகச் சந்தன வாசனை வந்தது. என் புடவையிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் பொன்னுரங்கம் கடைக்கு எடுத்துப்போனேன். நம் பழைய டிவியைப் பார்த்துக் கொடுப்பாரே, அவர்தான். இப்போது லேப்டாப்பும் பார்க்கிறார். அடிமூடியைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டார். “இன்னா டீச்சர் இது, காத்து போற சந்துல சந்தனத்தக் கொழச்சி அப்பி வச்சிக்கீறீங்க. உள்ள காத்தாடி சுத்தவே இல்ல. சூடு ஏற ஏற மிஷினு பயந்துகினு தன்னையே மெதுவாக்கிக்கும். பட்டியல்ல எத நிறுத்தி இன்னா ஆவும்?” என்றார்.

எட்டிப் பார்த்தேன். பக்கவாட்டுச் சல்லடை முழுக்கக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு வயல் மோட்டாரில் வைக்கிற மாதிரி மூன்று விரலால் இழுத்திருந்தது. பொன்னுரங்கம் ஊசியால் சுரண்டிக்கொண்டே, “யாரோ ஆசையாத்தான் வச்சிருக்காங்க. கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்” என்றார்.

நான் பூஜை செய்பவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு நான் வீட்டிலேயே இல்லை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. தியாகதுருகம் வீட்டில் அப்பா மட்டும்தான் இருந்தார்.

அப்பாவைப் பற்றி நான் எழுதுவதில்லை, நீயும் கேட்பதில்லை. நீ தமிழழகனோடு போன அன்று அவர் நம் சாதிக்கான இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில், கிராம நிர்வாக அலுவலர் வாசலில் மனுவோடு நின்றிருந்தார். மதிப்பெண் இருந்தும் உனக்குக் கல்லூரியில் சீட் கிடைக்காமல் போன கதையைத்தான் அந்த மனுவில் எழுதியிருந்தார். வீட்டுக்கு வந்தவர், “அவ சாமான் ஒண்ணும் என் கண்ணுல படக்கூடாது” என்றார். அதனால்தான் லேப்டாப்பைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். இந்த மாதம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பு வந்த வாரம், தீபாவளிக்கு நான் போயிருந்தபோது, டிவியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். யாருக்காக அலைந்தேன் என்றார். அந்தப் போராட்டத்தில் எனக்கு நம்பிக்கையும் இருந்ததில்லை, அவரைத் தடுக்கிற துணிவும் இருந்ததில்லை. உன் விஷயத்திலும் அப்படியே இருந்துவிட்டேன். அது என் தவறு.

ஞாயிறு காலை வீட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். சந்தனத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அப்பா கதவருகே நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே, “இப்ப எவ்ளோ நேரம் ஆவுது?” என்றார். மூன்று நிமிடம் என்றேன். “முன்ன கால் மணி நேரம் ஆவும்” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அது மெதுவாகத் திறக்கிறது என்று அவரிடம் நான் சொன்னதேயில்லை, அபிநயா.

பரணிலிருந்து எத்தனை முறை இறக்கினார் என்று எனக்குத் தெரியாது. உன்னையும் தமிழழகனையும் அவர் ஒதுக்கிவைத்தது சரியாகிவிட்டது என்று சொல்லவும் வரவில்லை. சந்தனம் வைத்தவர் மனம் மாறிவிட்டார் என்று நம்புகிற ஆள் நானில்லை. என் அறைக்குத் திரும்பிய பிறகும், கால் மணி நேரம் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நானும் இங்கே அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அருள்மொழிக்கு அவசரம் என்று தெரியும். இதற்குப் பதிலாக அவளுக்குக் கொடுக்கப் பள்ளி லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது என்று பொய் சொல்ல முடியாது. அவளுக்கு வேண்டிய பாடங்களைச் சொன்னால் பள்ளி அச்சு இயந்திரத்தில் எடுத்து மறுநாளே தபாலில் சேர்க்கிறேன். ஆனால் லேப்டாப்பைக் கூரியரில் அனுப்ப மாட்டேன். நீ வந்து எடுத்துக்கொள். தமிழழகனோடு வா.

ஊருக்குள் வரத் தயக்கமாக இருந்தால் பொன்னுரங்கம் கடைக்கு வாருங்கள். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் எழுது. அப்பாவிடம் அந்தத் தேதியைச் சொல்லட்டுமா, வேண்டாமா என்பதையும் நீயே எழுது. உன் பதிலுக்கு மாறாக நடக்க மாட்டேன். சொல்லலாம் என்றால், அவர் எதுவும் கேட்கமாட்டார். அன்று காலை வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

மழையில் நனையாதே. இருவரும் நன்றாக இருங்கள். பதில் எழுது.

அன்புடன்,
அம்மா