நீங்கள் வேண்டாமென்ற காட்சி

அண்ணே,

இன்று காலை பெக்கான் நானாஸ் ஊர்ச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் அன்னாசி ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. அந்த வாடை காருக்குள் புகுந்ததும், பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். வேலை முடிந்து வந்து நீங்கள் கழற்றிப் போடும் சட்டையின் வாடை அது.

அந்தச் சட்டையை நீங்கள் துவைப்பதைத்தான் முதலில் படம் பிடித்தேன். கதையோ வசனமோ இல்லாத பரிசோதனைப் படம். சினிமாவில் எப்போதும் ஆண்கள்தான் பெண்களைப் பார்க்கிறார்கள், ஒரு பெண் ஆணைப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு விளக்கினேன். "என்னப் போய் யாரு பாப்பாங்க, பாப்பா?" என்று சிரித்தீர்கள். ஆனாலும் லாரி ஓட்டாத நாளெல்லாம் எனக்காக நின்றீர்கள். உங்கள் பிடரி, முள் கிழித்த கைகள், இஸ்திரி போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் எல்லாவற்றையும் எடுத்தேன்.

அண்ணி உங்களை விட்டுப்போன மாதம் அது. ஒரு மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து, கேமரா ஓடுவதை மறந்து அழுதீர்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத மட்டும் போட்றாத, பாப்பா" என்றீர்கள். சரி என்றேன்.

போட்டேன். படத்தை வெட்டி ஒட்டும்போது, அந்த அழுகைக்கு முன்னால் மற்றதெல்லாம் பொய்யாகத் தெரிந்தது.

ஜொகூர் பாருவில் திரையிட்ட அன்று கைதட்டினார்கள். ஆண்மையை இவ்வளவு கனிவோடு ஒரு பெண்ணால்தான் பார்க்க முடியும் என்று ஒருவர் பேசினார். நீங்கள் கடைசி வரிசையில் இருந்தீர்கள். வெளியே வந்ததும், "நல்லாதான் இருக்கு லா. ஆனா நான் வேணான்னு சொன்னேனே" என்றீர்கள். அவ்வளவுதான்.

அந்தக் காட்சியை யாரோ கைப்பேசியில் பரப்ப, லாரிக்காரர்கள் உங்களை 'அழுமூஞ்சி' என்று கூப்பிட்டதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். நீங்கள் சொல்லவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டீர்கள். "என்னண்ணே, உடம்பு முடியலையா?" என்று வெளியில் நின்று கேட்பேன். "ஒண்ணுமில்ல, பாப்பா."

கடைசி மூன்று நாளும் நெஞ்சுவலியோடு லாரி ஓட்டியிருக்கிறீர்கள். "வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லலையா?" என்று உங்கள் உயிரற்ற உடலருகே டாக்டர் கேட்டபோது, கனிவாகப் பார்க்கத் தெரிந்தவள் என்று பேர் வாங்கிய நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

படத்தைத் திரையிட இன்னும் கேட்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. ஆனால் பிரதிகள் எங்கெங்கோ சுற்றுகின்றன. கண்ணை மூடினால் உங்கள் முகம் வருகிறது. வரும்போதெல்லாம் கட்டிலில் அழுத முகம், நான் கேமராவை வைத்த அதே கோணத்தில். வெறும் கண்ணால் நான் பார்த்த அண்ணன் முகம் ஒன்றாவது மிச்சமிருக்கிறதா என்று தேடுகிறேன். கிடைக்கவில்லை, அண்ணே.