சரி என்று சொன்ன இரண்டு வருடம்

ஏப்ரல் 27

அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினேன். இரண்டு வருடத் தூசி. பூட்டு எண் மறந்துபோயிருந்தது. என் மகள் வாலு பிறந்த தேதியைப் போட்டேன், திறந்துகொண்டது. உள்ளே ஒரு பழைய துண்டும், என் கணவர் கைப்பட எழுதிக் கொடுத்த சாமான் பட்டியலும் கிடந்தன. பட்டியலின் கடைசி வரி: ‘தைரியம்’. அதைத்தான் நான் கொண்டுவர மறந்தேன் போலிருக்கிறது.

மே 24 விமானம். ஜூன் 3 பள்ளி திறக்கிறது, வாலுவுக்கு ஒன்றாம் வகுப்பு. முதல் நாள் நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இன்று போனில் அதைப் பற்றித்தான் பஞ்சாயத்து.

“நீயும் கிளாஸ்ல என் பக்கத்துல உக்காரணும்.”

“அம்மால்லாம் உக்காரக் கூடாதுடி. டீச்சர் திட்டுவாங்க.”

“நீயும் டீச்சர்தானே? திருப்பித் திட்டு.”

பாலிடெக்னிக்கில் எட்டு வருடம் பாடம் நடத்திவிட்டு, விடுப்பு போட்டு, முப்பத்து நான்கு வயதில் இந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மறுபடி மாணவியாக வந்தவள் நான். யாரையாவது திருப்பித் திட்டியிருக்கிறேனா? நினைவில்லை.

ஏப்ரல் 30

அலுப்பு. எழுத ஒன்றுமில்லை. ஆய்வேட்டில் ஐந்தாவது அத்தியாயம் இன்னும் முடியவில்லை.

மே 1

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

என் ஆராய்ச்சியை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கான்கிரீட்டில் கொஞ்சம் சிமென்டைக் குறைத்து உமிச் சாம்பலைச் சேர்த்தால் பலம் கூடுகிறதா? கலவையைச் சதுரக் கட்டைகளாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். சாம்பல் சேர்க்காத வெறும் கட்டைகளை எனக்கு முன்னால் படித்த மாணவர் ஏற்கெனவே உடைத்து எண்களை எழுதி வைத்திருந்தார். அந்த எண்களோடு ஒப்பிட்டால் போதும் என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியை, அதனால் நான் சாம்பல் கட்டைகளை மட்டும் உடைத்தேன். அவருடையதைவிடப் பதினொரு சதவீதம் பலம் அதிகம். அந்தப் பதினொன்றுதான் என் இரண்டு வருடம்.

இன்று அந்த மாணவருடைய ஆய்வேட்டின் பின்னிணைப்பைப் புரட்டினேன். ‘தொட்டியிலிருந்து எடுத்த ஈரத்தோடு உடைக்கப்பட்டது’ என்று இருக்கிறது. நானோ எல்லாக் கட்டையையும் ஒரு நாள் முன்னதாகவே எடுத்து, ராக்கில் காயவைத்து உடைத்தேன். காய்ந்த கட்டை கூடுதல் பலம் காட்டும். இதை நானே எட்டு வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மே 2

பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். முதல் வருடம், நவம்பரில் ஒரு நாள்: ‘கட்டைகளை இன்றே எடுத்து ராக்கில் வை என்றார் பேராசிரியை. இங்கே காயவைத்துத்தான் உடைப்பார்கள் போல. ஏன் என்று கேட்க வேண்டும்.’

கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். எழுதியதோடு கடமை முடிந்தது. அடுத்த முறை அவர் சொல்லக்கூட இல்லை, நானாகவே எடுத்து வைத்தேன். அதற்கடுத்த முறையும். பெரியவர் சொன்னால் காரணம் இருக்கும் என்று வளர்ந்த உடம்பு இது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. போன வருடம் வீடியோவில் வாலுவுக்கு ஆய்வகத்தைக் காட்டினேன். “ஏம்மா கல்லைத் தண்ணியிலேருந்து எடுத்துட்ட?” என்றாள். டீச்சர் சொன்னாங்க என்றேன். “ஏன்னு கேட்டியா?” என்றாள். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. அதுதான் இன்னும் வெட்கம்.

மே 4

அறைத்தோழியிடம் மட்டும் சொன்னேன். கணிதம் படிக்கிறாள், வழவழவென்று பேசத் தெரியாதவள்.

“வேற யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது.”

“அப்புறம் என்னக்கா? வாயை மூடிக்கிட்டு ஊருக்குப் போங்க. உங்க புத்தகத்தை யாரு எடுத்துப் படிக்கப் போறாங்க?”

அதுவும் சரிதான். நானே முந்தையவருடைய பின்னிணைப்பை இரண்டு வருடம் கழித்துத்தானே படித்தேன்? ஆனால் யாராவது ஒருவர் படிப்பார். படித்துவிட்டு, என் பதினொன்றை நம்பி எங்கேயாவது ஒரு தூணை ஒல்லியாகக் கட்டுவார்.

மே 6

பேராசிரியையின் கதவுவரை போனேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. திரும்பிவிட்டேன். குரல் கேட்காவிட்டாலும் திரும்பியிருப்பேன்.

மே 7

சொல்லிவிட்டேன்.

மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. “நீங்க காயவைக்கச் சொன்னீங்க, அது தப்பு” என்பதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் பேசியது வேறு மொழி. ஆனால் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது.

“நானா சொன்னேன்? எப்போ?”

தேதியைச் சொன்னேன். கணினியில் எதையோ தேடினார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“மறுநாள் காலைல பார்வையாளர்கள் வந்தாங்க. கட்டையைக் கையில எடுத்துக் காட்டணும்னு முன்னாடியே எடுத்து வைக்கச் சொன்னேன். அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்.”

ஒரே ஒரு நாள், விருந்தாளிக்காகச் சொன்ன வார்த்தை. அதை நான் இரண்டு வருடம் வேதவாக்காக நிறைவேற்றியிருக்கிறேன். சிரிப்பதா அழுவதா? இரண்டும் சேர்ந்து வந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “நீ ஒவ்வொரு தடவையும் சரின்னு சொன்னே. உனக்கு எல்லாம் சரியாப் போகுதுன்னு நெனச்சேன். ஒரு கேள்விகூடக் கேக்கலியேன்னு நானும் கேட்டிருக்கணும்” என்றார்.

எண்களைச் சரிபார்க்க ஒரே வழி, புதிதாகப் பன்னிரண்டு கட்டைகள் வார்ப்பது. ஆறு வெறும் கட்டை, ஆறு சாம்பல் கட்டை. இரண்டிலும் பாதியை ஈரத்தோடும் பாதியைக் காயவைத்தும் உடைக்க வேண்டும். ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் ஜூன் பத்து. நான்தான் வாலுவுக்காக முன்கூட்டியே முடிக்கத் துடித்தேன். நாளை வார்த்தால் இருபத்தெட்டாம் நாள் ஜூன் 5.

மூன்றாம் தேதி பள்ளி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், பிறகு நாட்காட்டியிலும் எண்ணினேன். இரண்டு நாளில் தவறுகிறது.

மே 8

பன்னிரண்டும் வார்த்தாயிற்று. முதுகு விண்ணென்று வலிக்கிறது.

மே 9

போனில் கணவரிடம் சொன்னேன். மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் கிடைத்த ஐந்து நிமிடத்தில் பேசினார்.

“உன் மனசுக்கு எது சரின்னு படுது?”

“இருந்து உடைச்சுட்டு வரணும்ங்க.”

“அப்ப இரு. பீஸ் போன கம்பத்துல கரன்ட் இருக்குன்னு நானும் எழுதிட்டு வர முடியாது.” ஏணியைச் சாய்க்கும் சத்தம் கேட்டது. “ஆனா பாப்பாகிட்ட நீயே சொல்லு. என்னால ஆகாது.”

இரண்டு வருடமாகச் சமையல், ஜடை, காய்ச்சல், கீழ்வீட்டு அக்காவிடம் குழந்தையை விட்டுவிட்டு வேலை, எல்லாவற்றையும் பார்த்த மனிதர். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

மே 12

வாலுவிடம் சொன்னேன். எப்படியும் ஏன், ஏன் என்று துளைப்பாள் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

“சரிம்மா” என்றாள். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

அவ்வளவுதான்.

மே 20

ஆய்வகத்தில் இயந்திரத்தை ஓட்டும் பெரியவரை நான் மனசுக்குள் உடைப்பாளர் என்றுதான் கூப்பிடுவது. காதில் பெரிய கவசம், வாயில் எப்போதும் சீட்டி. இன்று அருகே வந்து, “உன் குழந்தைக்குப் பள்ளி திறக்குதாமே. நீ கிளம்பு. அஞ்சாம் தேதி நான் உடைச்சு எண்ணை அனுப்பறேன். நீ இருந்தேன்னு உன் கையெழுத்தையும் நானே போட்டுடறேன். யாரும் பாக்க மாட்டாங்க” என்றார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். ஆய்வேட்டைக் கொடுக்கும் மாணவர் தானே நின்று உடைத்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ‘சரி’ நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பழகின நாக்கு.

“வேணாம்” என்றேன். இங்கு வந்து நான் சொன்ன முதல் ‘வேணாம்’ இதுவாகத்தான் இருக்கும். பிறகு, ஒரு வேகத்தில் கேட்டும்விட்டேன்: நான் கட்டைகளைக் காயவைத்ததை நீங்கள் இரண்டு வருடமாகப் பார்த்தீர்களே, ஒன்றும் தோன்றவில்லையா?

தோள்களைக் குலுக்கினார். “உங்க ஊர்ல அப்படித்தான் செய்வாங்கன்னு நெனச்சேன். மரியாதை இல்லாமப் போயிடுமேன்னு கேக்கல.”

அவரும் நம்மவர்தான் போலிருக்கிறது.

மே 24

காலை பதினொன்றரைக்கு என் விமானம் கிளம்பிவிட்டது. நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 3

ஊரிலிருந்து அவர் படம் அனுப்பினார். புதுச் சட்டை, முதுகைவிடப் பெரிய பை. இரட்டை ஜடை, இரண்டும் கம்பியை முறுக்கின மாதிரி விறைப்பாக நிற்கின்றன. லைன்மேன் பின்னல். அழுதாளா என்று கேட்டேன்.

“இல்ல. டாட்டா காட்டிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டா.”

“என்னைப் பத்திக் கேட்டாளா?”

“கேக்கல.”

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாய்விட்டு அழுதேன். தோழி கதவைத் தட்டவில்லை, அவளுக்கு நன்றி.

ஜூன் 5

உடைத்தாயிற்று.

பாதியை நேற்றே எடுத்து ராக்கில் வைத்திருந்தேன். மீதியைத் தொட்டியிலிருந்து எடுத்து, துடைத்த கையோடு வைத்தேன். உடைப்பாளர் இன்று சீட்டி அடிக்கவில்லை. பேராசிரியையும் வந்து நின்றார். ஒவ்வொரு கட்டையும் முனகி, விளிம்பில் பொரிந்து, பிளந்தது.

காய்ந்த வெறும் கட்டை, ஏறக்குறைய என் பழைய சாம்பல் கட்டை அளவுக்கே நின்றது. ஈரத்துக்கு ஈரம் வைத்துப் பார்த்தால் சாம்பல் கூட்டியது இரண்டரை சதவீதம். மீதி எட்டரையும் காற்று கொடுத்தது.

“இரண்டரையும் ஓர் எண்தான். எழுது” என்றார் பேராசிரியை. “அந்த ராக் கதையையும் எழுது. அடுத்து வர்றவங்களுக்கு அதுதான் உதவும்.”

நான் வாயைத் திறந்து, “வெறும் கட்டைகளை நானே வார்க்க முதல்லயே விட்டிருக்கணும், இன்னொருத்தர் எண்ணை வச்சு ஒப்பிடச் சொன்னது தப்பு” என்றேன். அவர் குறிப்பேட்டை என் பக்கம் நகர்த்தினார். “ஆமா. அதையும் எழுது” என்றார்.

ஜூன் 8

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது, திரும்பிப் போகிற நேரத்தில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பெட்டி கனக்கவில்லை. நான்தான் கனக்கிறேன்.

ஜூன் 10

வீடு. வாலு ஒரு விரற்கடை வளர்ந்து, முன்பல் ஒன்றை இழந்திருக்கிறாள். கட்டிக்கொண்டேன். கட்டிக்கொள்ள விட்டாள்.

ஜூன் 12

எல்லாவற்றுக்கும் “சரிம்மா.” சாப்பிடு, சரிம்மா. தூங்கு, சரிம்மா. கொண்டுவந்த பொம்மை பிடித்திருக்கிறதா? சரிம்மா. நான் பின்னிவிடுகிறேன், சரிம்மா. பள்ளிக்கு மட்டும் அப்பாவின் வண்டியில் ஏறிப் போகிறாள்.

“பாப்பா எவ்ளோ சமத்தாயிட்டா பாரு” என்று கீழ்வீட்டு அக்கா மெச்சினார். அந்தச் சரியை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் நான் சொன்ன சரி அது.

ஜூன் 14

காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒரு ஜடை முடிந்து அடுத்ததை எடுத்தபோது தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“மாட்டேன்.”

“என்னடி?”

“நீ பின்னினா லூசா இருக்கு. மத்தியானமே அவுந்துடுது. அப்பா பின்னினாத்தான் நிக்கும்.”

“மூணு நாளா சொல்லலியே?”

“நீ கேக்கல!” என்று கத்தினாள். கத்த ஆரம்பித்ததும் எல்லாம் வந்தது. “மூணாந்தேதி வரேன்னு சொன்ன. வரல. எல்லா அம்மாவும் வந்தாங்க. உனக்குக் கல்லுதான் பெருசா? ஏன் வரல? ஏன்?”

சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். கல்லைத் தண்ணீரிலிருந்து ஏன் எடுத்தாய் என்று அவள் அன்று கேட்டதிலிருந்து தொடங்கி, முழுக்கச் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

“நான்தான் அப்பவே சொன்னேன்ல?” என்றாள்.

“சொன்ன.”

“என் பேச்சைக் கேட்டிருக்கணும்.”

“கேட்டிருக்கணும்டி.”

குளியலறையிலிருந்து அவர், “என்ன அங்க சத்தம்?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க, சண்டை” என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவர் ஈரத் தலையோடு எட்டிப் பார்த்தார்.

இரண்டு ஜடையையும் அவிழ்த்து மறுபடி பின்னினேன். இன்னும் இறுக்கு, இன்னும், ஐயோ வலிக்குது, கொஞ்சம் விடு என்று அவள் சொல்லச் சொல்ல மூன்று முறை பின்னினேன். பிறகு, “இன்னிக்கு நீ கொண்டுவிடு” என்றாள்.

நடந்து போனதில் பத்து நிமிடம் தாமதம். வாசலில் நின்ற டீச்சர் ஏன் லேட் என்று கேட்டார். வாலு சற்றும் யோசிக்காமல் என்னைக் கைகாட்டினாள்.