நடுப்பெட்டி

நாள் 211 / 07:20 / மேற்குக் கூண்டு, தொடர்பு அறை

வழக்கமான பதிவு. காற்றழுத்தம் சரி. மின்கலம் சரி. கணினித் தகவலைக் கைமாற்றும் மேற்கு ஸ்விட்சுக்கும் கிழக்கு ஸ்விட்சுக்கும் இடையில் நொடிக்கு ஆயிரம் மெகாபிட் ஓட வேண்டிய இணைப்பு நூறில் ஓடுகிறது. இன்றோடு நான்கு நாள்.

இதைக் கண்டெடுத்துப் படிக்கிறவருக்கு: நிலவின் தென்முனையில், கூண்டு என்று நாங்கள் சொல்லும் இரண்டு வீடுகளில், நாங்கள் நான்கு பேர். மேற்கில் நான், தொடர்புப் பொறியாளர் பேச்சியம்மாள். கூட டாக்டர் மரகதவல்லி. கிழக்கில் இன்னொரு பொறியாளர் நாகூர்மீரானும் பாறை ஆய்வாளர் லூர்துவும். நடுவில் நூற்றெண்பது மீட்டர் சுரங்கம். அதில் காற்று கிடையாது. கம்பி மட்டும் போகிறது.

நாள் 211 / 11:45

கம்பியை மாற்றினேன். கம்பி செருகும் போர்ட்டை மாற்றினேன். ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். நூறு. வேகத்தை ஆயிரத்தில் பூட்டிப் பார்த்தேன், இணைப்பே செத்துவிட்டது. பழையபடி விட்டேன். நூறு. கிழக்கைக் கூப்பிட்டேன். மீரான் எடுத்தார்.

"ஏ பேச்சி, எம் பக்கம் எல்லாம் சுத்தமா இருக்கு. ஒம் பக்கத்தப் பாரு."

"நான் மூணு தடவ பாத்தாச்சு வே. கோளாறு ஒம்ம பக்கந்தான்."

"ஒனக்கு என்னைக்கு ஒம் பக்கம் கோளாறு இருந்திருக்கு?"

இந்த மனிதருக்கு வாய் மட்டும் ஆயிரத்தில் ஓடும்.

நாள் 212 / 09:05

சரியாகத் தூங்கவில்லை. இணைப்பு ஒரு நிமிடம் ஆயிரத்துக்கு ஏறுகிறது, உடனே இறங்குகிறது. உட்கார முடியவில்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை.

கம்பிக்குள் எட்டு இழைகள். எட்டும் தொட்டால்தான் ஆயிரம். ஒரு ஜோடி விட்டுப்போனால் இரண்டு ஸ்விட்சுகளும் தங்களுக்குள் பேசி நூறுக்கு இறங்கிக்கொள்ளும். சண்டை கிடையாது. நாங்கள் அப்படி இல்லை.

சுரங்கத்தின் நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. தூரம் அதிகம் என்று அதற்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். அது அவர் பக்கமும் இல்லை, என் பக்கமும் இல்லை. அதனால் இரண்டு பேருமே போகவில்லை. விண்ணுடை மாட்டவே ஒரு மணி நேரம் பிடிக்கும். கடைசியில் மீரான்தான் இறங்கி வந்தார்.

"சரி தாயே, நடுப்பெட்டிய மத்தியானம் நானே போய்ப் பாக்கேன். நீ சண்டைய நிறுத்து."

வென்றுவிட்டதாக எனக்கு ஒரு சந்தோஷம்.

நாள் 212 / 13:10

தரை அதிர்ந்தது. சுரங்கக் கூரை விழுந்துவிட்டது. மீரான் உள்ளே இருந்தார். ரேடியோவில் லூர்து அழுகிறான்.

"அக்கா, அண்ணன வெளிய இழுத்துட்டேன். வயித்துல கல்லு விழுந்திருக்கு. வயிறு வீங்கிட்டே போவுது. அவரு பேசவே மாட்டேங்காரு."

உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே திறக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அறுவை இயந்திரம் கிழக்கில். அதை ஓட்டும் டாக்டர் மேற்கில். சுரங்கம் அடைத்துவிட்டது. வெளியே பள்ளத்தைச் சுற்றிப் போனால் வண்டிக்குப் பதினோரு மணி நேரம். கம்பி மட்டும் இன்னும் அறுபடவில்லை, அதன் வழியாக இயந்திரத்தை இங்கிருந்தே ஓட்டலாம். நூறில் ஓடுகிறது.

"நூறுல படம் அரை நொடி பின்னால வருது கண்ணு. நல்ல ரத்தக்குழாயையும் சேர்த்து வெட்டிப் போடுவேன். எனக்கு முழு வேகம் வேணும்."

ரேடியோவில் குரல்தான் போகும். நான்கு கேமராவின் படம் போகாது. உடை மாட்டுகிறேன்.

நாள் 212 / 14:35 / சுரங்கம், குரல் பதிவு

பெட்டி, கூரை விழுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் தப்பியிருக்கிறது. மூடியைத் திறந்தேன். கிழக்கிலிருந்து வரும் கம்பி விறைப்பாக இழுபட்டு நிற்கிறது. முனையின் கொக்கி உடைந்து, முனை சாய்ந்து வெளியே வந்திருக்கிறது. உடைந்த இடத்தில் தூசி படிந்திருக்கிறது. இன்று உடைந்ததில்லை.

ஐந்து நாளாகத் தரை நகர்ந்திருக்கிறது. கம்பியை இழுத்திருக்கிறது. அந்த நூறு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் உன் பக்கம், என் பக்கம் என்று பேசிக்கொண்டிருந்தோம். என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கட்டைவிரலால் அழுத்தினேன். ஸ்விட்சில் பச்சை விளக்கு எரிந்தது. ஆயிரம். எடுத்தேன். நூறு. ஒட்டுப்பட்டை இந்தக் குளிரில் அப்பளமாக நொறுங்குகிறது. கல்லை முட்டுக் கொடுத்தேன், நழுவுகிறது. கட்டுக்கம்பி சுற்றினேன், நூறு. மாற்று ஸ்விட்ச் கிழக்கில், இடிபாட்டுக்கு அந்தப் பக்கம். மறுபடி விரல். ஆயிரம்.

"வந்திருச்சு! படம் பளிச்சுனு இருக்குது. கட்டிட்டியா கண்ணு?"

"கட்டிட்டேன் டாக்டர். நீங்க ஆரம்பிங்க."

கட்டவில்லை. சொன்னால் தொடங்கியிருக்க மாட்டார்.

நாள் 212 / 15:20

"மண்ணீரல் கிழிஞ்சிருக்குது. மூணு மணி நேரமாவது ஆகும். வடக்கு முகாம்ல இருந்து உதவிக்கு வண்டி கிளம்பிருச்சாம். நம்ம பக்கந்தான் வருது. நீ உள்ள வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

என்னிடம் ஒன்றரை மணி நேரக் காற்று. கணக்கு எனக்கும் தெரியும். மாற்று உருளை கூண்டு வாசலில் இருக்கிறது. போய்வர இருபது நிமிடம். வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஒருமுறை விரல் நழுவியது. டாக்டர் அலறினார். அதற்குப் பிறகு அசையவில்லை.

பயமாக இருக்கிறது. சொல்லி வைக்க வெட்கமில்லை, ரொம்பப் பயமாக இருக்கிறது.

நாள் 212 / 16:25

கட்டைவிரல் இருப்பதே தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஆயிரம்.

கருவியை நெடுநேரம் பிடிக்க, இந்தக் கையுறையில் ஒரு பூட்டு உண்டு. பிடித்தபடியே இறுகிவிடும். பூட்டிவிட்டேன். இனி நான் மயங்கினாலும் விரல் விலகாது.

கூரை விழுந்ததில் பெட்டி என் பக்கம் ஆகிவிட்டது. மீரான் கண் திறந்ததும் கேட்பார், கோளாறு யார் பக்கம் என்று. ஒம் பக்கந்தான் பேச்சி என்பார். சொல்லட்டும். எழுந்து உட்கார்ந்து ஆயிரம் தடவை சொல்லட்டும்.

நாள் 212 / 16:50

தலை சுற்றுகிறது. சுருக்கமாக.

வடக்கு முகாம் வண்டியில் வருகிறவர்களுக்கு. உங்கள் வண்டிக்கு மட்டும் இந்தப் பதிவை அனுப்புகிறேன். மேற்கு வாசல் வழியாகச் சுரங்கத்துக்குள் வந்தால் முதலில் என்னைப் பார்ப்பீர்கள். தூக்காதீர்கள். கையுறைப் பூட்டைத் தொடாதீர்கள். முதலில் டாக்டரைக் கேளுங்கள். தைத்து முடித்தாயிற்றா. அதை மட்டும் கேளுங்கள். என்னைப் பற்றி அப்போது சொல்ல வேண்டாம், அவர் கை நடுங்கும்.

அவர் முடிந்தது என்று சொல்லும்வரை காத்திருங்கள். எவ்வளவு நேரமானாலும். பெட்டியில் பச்சை எரிந்தால் ஆயிரம். இப்போது எரிகிறது. எரிகிற வரைக்கும் என் கையை