பாவில் கிடந்த முடி

12-2-1968

குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. தலையில் பத்துப் பதினைந்து முடிதான், என்னைப் போலவே. முப்பத்திரண்டு வயதில் எனக்கும் அவ்வளவுதான். "அப்பா ஜாடை" என்று பிள்ளையார்பாளையமே சொல்கிறது. ஜாடையை மூக்கில் பார்க்கக் கூடாதா?

காலையில் வேணி தலை சீவிவிட்டுச் சீப்பைக் கொண்டுவந்து காட்டினாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு முடி.

"நாலு நாளா இப்படித்தான் கொட்டிக்கினு இருக்குது. உடம்புல இன்னாவோ கோளாறு போல. பிரசவம் பார்த்த நர்சம்மாவைக் கேக்கலாமா?"

"முடி கொட்டறதுக்கெல்லாம் ஆஸ்பத்திரின்னா, என்னை எப்பவோ கட்டில்ல படுக்கப் போட்டிருக்கணும்" என்றேன்.

சிரித்தாள். நல்ல பதில் என்று எனக்கே தோன்றியதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

26-2-1968

கொட்டிய முடியைச் சுருட்டிக் கூரை இடுக்கில் செருகி வைக்கிறாள். சவுரி கட்டிக்கொள்ளலாம் என்கிறாள். கல்யாணத்தின்போது பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. பெண் பார்த்துவிட்டு வந்து நான் கூட்டாளிகளிடம் சொன்னது அது ஒன்றைத்தான்.

இப்போது பின்னல் சுண்டுவிரல் கனம்.  

9-3-1968

இன்று மானம் போயிற்று.

மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த முகூர்த்தப் புடவை. நான் தறியில் புடவை உடலுக்கு ஊடை நூல் நாடாவை ஓட்ட, வேணி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளினாள். குழந்தை தறிக்குப் பக்கத்திலேயே தூளியில். ஆசையாக நெய்த புடவை.

பெரிய காஞ்சிபுரத்துக்கு எடுத்துப் போனேன். கடை முதலாளி மாணிக்கவாசகம் விரித்துப் பார்த்தார். கரையை ஒட்டி மஞ்சளில் கறுப்பாக ஒரு கோடு. நகத்தால் நெருடினார். முடி. ஊடையோடு ஊடையாக நெய்து போயிருக்கிறது.

"முகூர்த்தப் புடவைப்பா இது. பொண்ணு வீட்டுக்காரன் இதைப் பார்த்தா என் கடைப்படி ஏறுவானா? வீட்டுக்கு எடுத்துனு போ." நாலு நெசவாளர்கள் எதிரில்.

சைக்கிளில் புடவையோடு திரும்பினேன். வாசலில் பூக்கார மணியம்மாள் வேணிக்குப் பூ அளந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, வாய் சும்மா இருக்காமல், "திருத்தணியில குழந்தைக்கு மொட்டை போடறப்ப இவளுக்கும் சேர்த்துப் போட்டுட்டா தறிக்கு நிம்மதி" என்றேன்.

"அடப் பாவி முதலியாரே" என்று மணியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வேணி பூவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

10-3-1968

தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தறிக்கு வந்தாள். நல்ல யோசனை என்று பாராட்டினேன். கரை நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

5-5-1968

திருத்தணி. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

குழந்தைக்கு ஏழாம் மாத மொட்டை. என் மடியில் துள்ளித் துள்ளி அழுதது. முடிந்ததும் நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய், தலைக்குச் சந்தனம் தடவினேன். வெண்ணெய் உருண்டை மாதிரி இருந்தது. "வேணி, இங்க பாரு" என்று திரும்பினால் அவள் நாவிதர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பாதித் தலை ஆகிவிட்டது. ஈரத் தரையில் பின்னல்.

"இன்னாம்மா இது?"

"நீங்கதானே சொன்னீங்க."

"அது வெளாட்டுக்குச் சொன்னது வேணி."

"எது வெளாட்டுன்னு எனக்குத் தெரியலையே."

மீதிப் பாதியை நிறுத்தச் சொல்லவும் முடியாது. நின்று பார்த்தேன்.

அரக்கோணத்தில் ரயில் மாறும்போது ஒரு கிழவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். குடும்பத்தோடு மொட்டை, எனக்கு மட்டும் கத்திச் செலவு மிச்சம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். இரண்டு மாதம் முன்பு விழுங்கியிருக்க வேண்டும்.

6-5-1968

பால் குடிக்கும்போது குழந்தை ஒரு கையால் அம்மா பின்னலைப் பிடித்துக்கொள்ளும். இன்று கை தோள் மேல் தேடியது. பின்பக்கம் போய்த் தேடியது. வேணி தன் விரலைப் பிடிக்கக் கொடுத்தாள்.

23-6-1968

மணியம்மாள் தெருவில் பூ கூவிக்கொண்டே வருகிறாள். எங்கள் வாசல் வந்ததும் கூவுவதை நிறுத்துகிறாள். அடுத்த வாசலில் மறுபடி தொடங்குகிறாள். நல்ல மனசுதான். எனக்குத்தான் அந்த இடைவெளி காதில் அறைகிறது.

14-7-1968

குழந்தைக்கு அம்மை குத்தப் போனோம். பிரசவம் பார்த்த நர்ஸ் பட்டம்மாள் வேணியின் முக்காட்டைப் பார்த்து, "வேண்டுதலாம்மா?" என்றார்.

"முடி கொத்துக் கொத்தா கொட்டுச்சும்மா. உடம்புல இன்னா வியாதியோன்னு பயந்துட்டேன். சாமிக்காவது போகட்டும்னு கொடுத்துட்டேன்."

"வியாதியாவது ஒண்ணாவது. பிள்ளை பெத்தா நாலாம் மாசம் அப்படித்தான் கொட்டும். வயித்துல பிள்ளை இருக்கறப்ப கொட்டாம நின்னதெல்லாம் சேர்ந்து கொட்டுது. பிள்ளைக்கு வயசு ஒண்ணு ஆகறதுக்குள்ள தானா நின்னு வளர்ந்துடும். ஒரு வார்த்தை என்னை வந்து கேட்டிருக்கலாமே."

வேணி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. நான் குழந்தையை நிறுக்கும் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாதி என்று பயந்தாளாம். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து நெய்திருக்கிறேன், பாவின் நெடுக்கு நூலில் ஒரு இழை அறுந்தால் தெரிகிறது. அவள் பயந்தது தெரியவில்லையே எனக்கு.

2-11-1968

மழை. தெருவில் பாவு நீட்ட முடியவில்லை. வேணிக்கு நெற்றி ஓரத்தில் முடி சுருள் சுருளாக முளைக்கிறது, குழந்தைக்கு முளைப்பது போலவே. யாருக்கு யார் ஜாடை என்று தெரியவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.

11-1-1969

புதுப் பாவு, மறுபடி மாம்பழ மஞ்சள். நெய்துகொண்டிருக்கும்போது இழைகளின் மேல் ஒரு முடி. விரல் நீளம்தான்.  திரும்பவும் கொட்டுகிறதா? அவள் குழந்தையைப் பார்க்கும் சமயத்தில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

"இன்னா அது?"

"அறுந்த நூலு."

"நூலைப் பையில போட்டுக்குவாங்களா? முடின்னே சொல்லுங்க. சீவறப்பவும் ரெண்டு வந்துது. நேத்தே நர்சம்மாகிட்ட போய்க் கேட்டுட்டு வந்துட்டேன். தினம் நாலு உதிர்றது எல்லாருக்கும் உள்ளதுதானாம்."

"தனியாவா போன? என்கிட்ட சொல்லலையே."

"சொன்னா எதுனா வெளாட்டு பண்ணுவீங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். இனிமேல் பண்ண மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாயிலிருந்து வந்தால் அதுவும் விளையாட்டாகத்தான் கேட்கும்.

நாடாவை ஓட்டினேன். அவள் பக்கத்திலிருந்து கரை நாடா வந்து சேர்ந்தது.