கல்லூரித் தாளில் இருக்கும் சம்பளம்

அம்மாவுக்கு,

அக்டோபர் 14, காலை 6.10. கைதிகள் 212 பேர், எண்ணிக்கை சரி. என் முறை முடிந்தது. உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒன்றுமில்லை, கையில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

தங்கை கார்லீனும் நான் படித்த குற்றவியல் நீதிப் படிப்பில் சேரப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். கல்லூரியின் விளம்பரத் தாளில், சிறைக்காவலரான பழைய மாணவர் ஒருவர் வருடம் 52,000 டாலர் வாங்குகிறார் என்று போட்டிருக்கிறதாம். அந்த மாணவர் நான்தான். போன வருடம் அங்கிருந்து ஒரு அம்மாள் போனில் கேட்டாள்.

"சம்பளம் எவ்வளவு தம்பி?"

"முப்பத்தாறாயிரம். ஓவர்டைமோட ஐம்பத்திரண்டு."

"பெருசையே போட்டுக்கறேன். கேக்கவே நல்லா இருக்குல்ல?"

எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

அந்தப் பதினாறாயிரம், வாராவாரம் விடுமுறை நாளிலும் பன்னிரண்டு மணி நேரம் நின்று சம்பாதித்தது. ஈஸ்டருக்கு வராததும் அதனால்தான். என் படிப்புக் கடன் இன்னும் 11,200 டாலர் பாக்கி. கார்லீனின் கடன் பத்திரத்தில் நீ இப்போது கையெழுத்துப் போடாதே.

சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையைத் தேடி வை. ஆப்பிள் ஜாம் ஒரு பாட்டில் எனக்கென்று ஒதுக்கி வை. சார்ஜென்ட் கூப்பிடுகிறார். இனிச் செய்யப் போவது:

1. ஒன்பது மணிக்குக் கல்லூரியைக் கூப்பிட்டு 36,000 என்று திருத்தச் சொல்வேன்.
2. சனிக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்பேன்.
3. அன்று சம்பளச் சீட்டோடு வீட்டுக்குப் பஸ் ஏறுவேன். கார்லீன் அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

வேட்